வளவு உங்களுடையது, மரம் யாருடையது?

கேள்வி: எங்கள் வளவு ஒட்டுசுட்டான் பக்கம், முக்கால் ஏக்கர். அப்பாவுக்குக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த பெர்மிட் காணி. அப்பா காலமாகிவிட்டார், அம்மா எங்களோடு இருக்கிறார். இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீட்டோடு மகளுக்கு ஓர் அறை சேர்த்துக் கட்ட நினைக்கிறோம். வீடு கட்டிய வருடம் அம்மா நட்ட பலா, சுவருக்கு மிக அருகில் நிற்கிறது. கிணற்றடியில் ஒரு பனை. வேலியோரம் நிற்கும் வேம்பு அயல்வீட்டு அண்ணரின் கூரைப்பக்கம் சாய்ந்துவிட்டது. ஒவ்வொரு மாரிக்கும் அதனால் வாய்ச்சண்டை. வளவின் கோடியில், அப்பா காடு வெட்டியபோது நிழலுக்கென்று விட்டுவைத்த முதிரை இரண்டு நிற்கின்றன. மர வியாபாரி ஒருவர் எல்லாவற்றையும் தறித்து, அனுமதிகளையும் தானே எடுத்து, ஒரு தொகை தருவதாகச் சொல்கிறார். அம்மா கையெழுத்து வைத்தால் போதுமாம். “எங்கள் காணி, எங்கள் மரம், யாரைக் கேட்க வேண்டும்?” என்கிறார் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

– வாசகி, முல்லைத்தீவு மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

அம்மா இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்றால் வைக்க வேண்டாம். மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசிக்கொள்ளலாம். காணி வழக்குகள் நடத்தும் சட்டத்தரணி என்ற முறையில் இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பதைப் பின்னால் விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. வன்னியில் பாதிப் பேர் அதையே கேட்கிறார்கள். ஆனால் அதற்கு விடை மரத்தில் இல்லை, அலுமாரியில் இருக்கும் காணிப் பத்திரத்தில் இருக்கிறது. உறுதிக் காணி, அதாவது உறுதிப்பத்திரத்தோடு உங்களுக்கே சொந்தமான காணி என்றால் நிலமும் மரமும் உங்களுடையவை. குறிப்பிட்ட சில மரங்களைத் தறிக்கவும், மரத்தை வீதியில் ஏற்றிச் செல்லவும் மட்டும் அனுமதி வேண்டும். உங்களுடையதோ பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்படும் அனுமதிப்பத்திரம், நிலத்தில் குடியிருக்கவும் பயிர் செய்யவும் உரிமை தருகிறது. நிலத்தின் சொந்தக்காரர் இன்னமும் அரசுதான். முத்துஐயன்கட்டு, வவுனிக்குளம், இரணைமடு என்று குளங்களை நம்பி எழுந்த குடியேற்றங்களில் பெரும்பாலான வளவுகளின் நிலை இதுவே. அளிப்புப் பத்திரம் கிடைத்தவர்களுக்கு உரிமை கூடுதல், ஆனால் அதற்கும் நிபந்தனைகள் உண்டு.

ஆகவே உங்கள் வளவில் நிற்கும் மரங்களை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பலாவும் வேம்பும் போல நீங்கள் வைத்து வளர்த்தவை ஒரு வகை. காணி உங்களுக்கு வருமுன்பே காடாக நின்றவை இன்னொரு வகை. முன்னதைப் பற்றி அதிகாரிகளிடம் உங்கள் தேவையைச் சொல்லிக் கேட்கலாம். பின்னது அரசின் மரம். இரண்டுக்குமே பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வாளை எடுக்கக் கூடாது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பெர்மிட் அப்பாவின் பெயரில் இருக்கிறது, அப்பா இல்லை. இறந்தவரின் பெயரில் யாரும் விண்ணப்பிக்க முடியாது. கணவர் இறந்தால் மனைவிக்கே பின்னுரித்து, அதாவது அடுத்ததாகக் காணியைப் பெறும் உரிமை, என்பது இந்தச் சட்டத்தின் பொது ஏற்பாடு. அதை அம்மா பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் பதிவுசெய்துகொள்ள வேண்டும். இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பெர்மிட் ஆகியவற்றோடு போகச் சொல்லுங்கள். 2009இல் இடம்பெயர்ந்தபோது பெர்மிட் தொலைந்திருந்தாலும் கலங்க வேண்டாம். செயலகத்தில் காணிப் பேரேடு இருக்கும், அதில் அப்பாவின் பெயரைத் தேடச் சொல்லுங்கள். போகிற கையோடு, அம்மாவுக்குப் பிறகு யார் என்பதைப் பற்றி என்ன பதிந்திருக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பின்னுரித்தாளர் குறிக்கப்படாத காணிகளில் முன்பு ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. ஆனாலும் பதியாமல் விட்ட காணியால் கூடப்பிறந்தவர்கள் முகம் பாராமல் போனதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

இனி முதிரை. ஐந்து மரங்களில் உங்களை நீதிமன்றம் வரை இழுக்கக் கூடியவை இந்த இரண்டும்தான். வியாபாரி உங்கள் வளவுக்குள் வந்ததும் இவற்றுக்காகத்தான், வேம்புக்காக அல்ல. முதிரை விலை பெற்ற காட்டுமரம். பாலை, கருங்காலி, சமண்டலையும் அப்படித்தான். 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. மரம் யாருடையது என்ற கேள்வி வழக்கில் எழுந்தால், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை அது அரசுக்குச் சொந்தமானது என்றே கொள்ளப்படும். அதாவது “இது என் மரம்” என்று காட்டவேண்டிய பொறுப்பு உங்கள் தலையில். பெர்மிட் காணியில், அப்பா காடு வெட்டும்போதே நின்ற முதிரைக்கு அதை எப்படிக் காட்டுவீர்கள்? நீங்கள் எனக்கு எழுதிய வரியே உங்களுக்கு எதிரான சாட்சி.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். சனங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வன்னியின் பல வளவுகளில் பற்றை மண்டியது. திரும்பி வந்தபோது சிலருடைய காணி ஓரத்தில், சிலருடைய காணிக்கு உள்ளேயே, வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் நின்றது. முதிரை நிற்கும் அந்தக் கோடியில் அப்படிக் கல் ஏதும் உண்டா? இருந்தால் அது மரத்தை விடப் பெரிய பிரச்சினை. வேறாக, உடனே, பிரதேச செயலாளருக்கு எழுத்தில் முறையிடுங்கள். அந்தப் பிணக்கு தீருமுன் அங்கே ஒரு கொப்பை ஒடித்தாலும் அது உங்கள் முறைப்பாட்டைப் பலவீனப்படுத்தும்.

முதிரைகள் நிற்கட்டும். வீட்டுக்கோ அயலுக்கோ அவற்றால் இடைஞ்சல் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. காசுக்காக மட்டும் தறிக்க நினைத்தால், சட்டம் ஒருபுறம் இருக்க, என் மனமும் அதற்கு ஒப்பவில்லை. முதிரை மெல்ல வளரும் மரம். அப்பா நிழலுக்கென்று விட்டதன் அருமை, இன்று வெட்டையாகிப்போன வளவுகளில் சித்திரை வெயிலில் நின்று பார்த்தால் தெரியும்.

பலாவுக்கு வருகிறேன். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் காக்கிறது. உறுதிக் காணியாக இருந்தாலும், நீங்களே நட்டதாக இருந்தாலும், இவற்றைத் தறிக்கப் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். மூன்றும் பஞ்ச காலத்தில் சோற்றுக்குப் பதிலாக நின்ற மரங்கள். அரிசி இல்லாதபோது பலாக்கொட்டையும் ஒடியலும் எத்தனை அடுப்புகளை எரியவைத்தன என்பதை உங்கள் அம்மாவிடம் கேட்டால் சொல்வார்.

விண்ணப்பிக்கும் முறை கடினமானதல்ல. பிரதேச செயலகத்தில் படிவம் வாங்கி நிரப்பி, காணிப் பத்திரத்தின் பிரதியோடு கிராம அலுவலரிடம் கொடுங்கள். அவரும், தேவைப்பட்டால் விவசாய உத்தியோகத்தரும் வந்து மரத்தைப் பார்ப்பார்கள். பட்டுப்போனது, நோய் பிடித்தது, காய்க்காதது, கட்டடத்துக்கோ ஆளுக்கோ ஆபத்தானது என்பன வழமையாக ஏற்கப்படும் காரணங்கள். பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்பது குற்றமல்ல. கேட்காமல் தறிப்பதுதான் குற்றம்.

ஆனால் இந்தப் பலாவைத் தறிக்கத்தான் வேண்டுமா? உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அறையை மரம் நிற்கும் பக்கத்தில்தான் கட்ட வேண்டும் என்பதற்கு ஒரு காரணமும் அதில் இல்லை. முக்கால் ஏக்கர் வளவில் வீட்டுக்கு மற்ற மூன்று பக்கமும் இருக்கிறதே. மேசனையும் வரைபடம் கீறுபவரையும் ஒருநாள் வளவில் நிறுத்தி, அறையை மறுபக்கம் திருப்ப முடியுமா என்று கேளுங்கள். சுவரில் வெடிப்பு இருந்தால் அது பலாவின் வேரால் வந்ததா, அத்திவாரத்தின் குறையா என்பதையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். செய்யவே கூடாத ஒன்று உண்டு. மரத்தை விட்டுவிட்டு, அத்திவாரம் வெட்டும்போது வீட்டுப் பக்கத்துப் பெருவேர்களை மட்டும் அறுத்துவிடுகிறார்கள். ஒரு பக்க வேரை இழந்த மரம் கார்த்திகைக் காற்றில் மறுபக்கம் சாயும். மரத்தை வைத்திருப்பதென்றால் வேரோடு வையுங்கள், இல்லையென்றால் அனுமதி எடுத்து முறையாகத் தறியுங்கள். அம்மா நட்ட மரம் என்பதால் அவருடைய மனத்தையும் கேளுங்கள். கடிதத்தில் அவருடைய கருத்து எங்குமே வரவில்லை.

பனையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சட்டம் பெயர் சொல்வது பெண்பனையை. நுங்கு காய்த்தால் பெண், பாளை மட்டும் தள்ளினால் ஆண், இது உங்களுக்குத் தெரிந்ததே. வடலியாக நிற்கும்போது எது எதுவென்று எவராலும் சொல்ல முடியாது. உங்கள் காணியில் எந்தப் பனைக்கும் பிரதேச செயலாளரிடம் கேட்கத்தான் வேண்டும். கிணற்றடியில் ஓலை விழுகிறது என்பதுதான் குறை என்றால் ஆள் பிடித்து வருடத்துக்கு ஒருமுறை காவோலை இறக்குங்கள். போரில் எறிகணை தலையைக் கொய்த பனைகளும், பதுங்குகுழிக்குக் குற்றியாகிப்போன பனைகளும் எண்ணில் அடங்காதவை. எஞ்சி நிற்பதில் ஒன்றை ஓலைக்காக வீழ்த்த வேண்டாம்.

வேம்பு அந்த மூன்று மரங்களின் பட்டியலில் இல்லை. இருந்தும் இதுதான் உங்கள் வளவில் மிக அவசரமான மரம். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரையேறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அயலவர் கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கும் மரத்துக்கு அவ்வளவு பெரிய காற்றுக்கூடத் தேவையில்லை.

அயலவர் விடயத்தில் சட்டம் இப்படி நிற்கிறது. எங்கள் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டப்படி, எல்லை தாண்டி வரும் கொப்பை வெட்டச் சொல்லி அவர் உங்களைக் கேட்கலாம். நீங்கள் செய்யாவிட்டால் தன் எல்லைக்குள் வந்த பகுதியை அவரே வெட்டலாம். வேலி கடந்து வந்து அடிமரத்தில் கைவைக்க அவருக்கு உரிமை இல்லை. மரம் ஆபத்தானது என்று அவர் உங்களுக்குச் சொல்லியும் நீங்கள் பேசாமல் இருந்து, அது விழுந்து கூரை உடைந்தால், இழப்பீட்டு வழக்கில் உங்கள் பக்கம் சொல்ல ஒன்றும் இருக்காது. அவர் ஒவ்வொரு மாரிக்கும் சண்டை பிடிக்கிறார் என்று எழுதினீர்கள். அந்தச் சண்டை ஒவ்வொன்றும் சட்டத்தின் கண்ணில் ஓர் அறிவித்தல்.

மழை தொடங்குமுன் சாய்ந்த பக்கத்துக் கொப்புகளைப் பாரம் குறைத்துத் தறிப்பதற்கும், தேவையானால் முழு மரத்தையும் எடுப்பதற்கும் அனுமதி கேட்டுப் பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். ஆபத்து என்ற சொல்லையும், அயல்வீட்டுக் கூரைக்கு எத்தனை அடி தூரம் என்பதையும் அதில் எழுதுங்கள். படம் இரண்டு இணையுங்கள். அயல் அண்ணரையும் கையெழுத்திடச் சொன்னால் இன்னும் நல்லது. இருவரும் சேர்ந்து கொடுக்கும் கடிதத்துக்கு அலுவலகத்தில் மதிப்பு அதிகம், சண்டையும் அதோடு தணியும். தணியாவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. வழக்குக்குப் போகுமுன் பேசித் தீர்க்க 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட சபை அது. செலவு இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. மின்கம்பி அருகில் ஓடினால் மின்சார அலுவலகத்துக்கு அறிவித்து, அவர்கள் இணைப்பைத் துண்டித்த பிறகே ஆளை ஏற்றுங்கள். வேம்பு வீதிப்பக்கம் நின்றிருந்தால் பிரதேச சபைக்கோ வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கோ சொல்ல வேண்டியிருந்திருக்கும். உங்களுடையது வேலியோரம் என்பதால் அது இல்லை.

இப்போது அந்தக் கையெழுத்து விடயம்.

வியாபாரி “அனுமதியை நானே எடுக்கிறேன்” என்று சொல்வது உதவி போலத் தோன்றும். தறிக்க ஓர் அனுமதி, தறித்த மரத்தை வளவுக்கு வெளியே கொண்டுபோக இன்னோர் அனுமதி. இரண்டாவதைப் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் என்பார்கள். அதில் மரத்தின் இனம், குற்றிகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் நீளம், சுற்றளவு, வாகன இலக்கம், எங்கிருந்து எங்கே, எந்த நாளில் என்பதெல்லாம் இருக்கும். ஏ9 வீதியில் பொலிஸார் லொறியை மறித்தால் அந்தத் தாளையும் குற்றிகளையும் ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள். அந்தத் தாளில் மரத்தின் சொந்தக்காரராக நிற்கப்போவது உங்கள் அம்மாவின் பெயர்.

வெற்றுப் படிவத்தில் அம்மா கையெழுத்து வைத்துவிட்டால், உங்கள் வளவு வேம்பு இரண்டு குற்றிக்கு நடுவில் காட்டில் களவாகத் தறித்த முதிரையும் பாலையும் அதே தாளில் ஏறலாம். வளவு அனுமதியின் பெயரில் காட்டுமரம் கடத்துவது இந்தத் தொழிலில் பழைய தந்திரம். பிடிபட்டால் மரமும் வாகனமும் பறிமுதலாகும் நிலை வரும். வியாபாரிக்கு அது ஒரு லொறியின் நட்டம். அம்மாவுக்கோ நீதவான் நீதிமன்றத்தில் கூண்டேறும் நிலை, அதோடு பெர்மிட் நிபந்தனையை மீறினார் என்று காணிக்கே வரும் ஆபத்து. வயதான ஒருவரின் பெயரை இப்படிப் பணயம் வைக்கச் சொல்கிற மனிதரோடு எந்த வியாபாரமும் வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

அனுமதி கிடைத்து, பலாவையோ வேம்பையோ விற்பதாக முடிவுசெய்தால், விண்ணப்பத்தை நீங்களே எழுதி, அம்மாவோடு போய்க் கொடுங்கள். தறிக்க வருபவரின் இயந்திரவாள் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். தறித்த அன்றே ஒவ்வொரு குற்றியையும் நாடாவால் அளந்து கொப்பியில் எழுதி, படமெடுத்து வையுங்கள். ஏற்றும்போது கூட நில்லுங்கள். அனுமதிப்பத்திரத்தின் பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். இருட்டிய பிறகு ஏற்றலாம் என்று சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

விலையிலும் கவனம் தேவை. மர வியாபாரத்தில் கன அடி கணக்கிடும் வழமை, குற்றியின் சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவது. சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடி என்றால் 10 கன அடி என்று வரும். உருளையாகக் கணக்கிட்டால் உண்மையில் 12.7 கன அடிக்கு மேல் இருக்கிறது. அறுக்கும்போது போகும் பட்டைக்கும் தூளுக்குமாக ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் முன்கூட்டியே கழித்துவிடும் கணக்கு இது. தொழிலில் நிலைத்துவிட்ட முறை என்பதால் அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் இப்படி அளந்த பிறகு “சேதாரம்” என்று இன்னொரு தரம் கழிக்க விடாதீர்கள். “நின்ற நிலையில் இவ்வளவு” என்று மொத்தத் தொகை பேசுபவரிடமும் கன அடிக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

உங்கள் பகுதிக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். போர் நடந்த மண்ணில் நின்ற மரங்களில் இரும்பு இருக்கலாம். எறிகணைச் சிதறல் புகுந்த இடத்தை மரம் மூடி வளர்ந்துவிடும், வெளியே ஒரு வடு மட்டும் தெரியும், சிலவேளை அதுவும் தெரியாது. மரக்காலையில் பலகை அறுக்கும்போது இரும்பைச் சுற்றி நீலக்கறுப்பாகக் கறை ஓடியிருப்பதைக் காணலாம். வாள் அதில் பட்டால் பல் உடையும், தெறித்தால் ஆளையும் காயப்படுத்தும். உங்கள் பலா வீடு கட்டும்போது வைத்தது, அதில் பயமில்லை. வேம்பு பழைய மரம் என்றால் தறிப்பவருக்கும் அறுப்பவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடிக்கட்டையை என்ன செய்வது என்பதிலும் அவசரம் வேண்டாம். வேரைத் தோண்டவோ ஜேசிபி இறக்கவோ முன், உங்கள் காணி கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதா, எந்தப் பகுதிவரை என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள். அகற்றிய காணியிலும் ஆழத்தில் ஏதும் எஞ்சியிருக்கலாம். கட்டைக்குத் தீ மூட்டி எரிப்பது இங்கே பலரின் பழக்கம். அதைச் செய்யவே வேண்டாம். மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாத இடத்தில் தீ வைப்பது உயிரோடு விளையாடுவது. சந்தேகமான பொருள் எதையும் கண்டால் தொடாமல், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, 119க்கு அழையுங்கள். கட்டையை நிலமட்டத்தோடு அறுத்து அப்படியே உக்க விடுவதில் ஒரு நட்டமும் இல்லை.

வரும் கிழமையே அம்மாவைக் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போங்கள். ஒரே பயணத்தில் பின்னுரித்துப் பதிவுக்கான விண்ணப்பத்தையும் வேம்பு பற்றிய கடிதத்தையும் கொடுத்துவிடலாம். ஆபத்தான மரம் என்பதால், பெயர் மாற்றம் முடியும்வரை வேம்பைக் காத்திருக்கவைக்க வேண்டாம் என்று கடிதத்தில் கேட்டு எழுதுங்கள். இரண்டுக்கும் பெற்றுக்கொண்டதற்கான திகதி முத்திரையைப் பிரதியில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குள் யாரும் வந்து பார்க்கவில்லை என்றால், அந்த முத்திரையிட்ட பிரதியோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். நினைவூட்டல் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.